மலைக்கல்லில் உறங்கும் கடல்

உலகம் எவ்வாறு தோன்றிற்று, கடல் எப்போது வந்தது, உயிர் எங்கே முளைத்தது என்று கேட்டால், நம் எண்ணம் உடனே மேல்நாட்டு ஆய்வுக்கூடங்களை நோக்கி ஓடிவிடுகிறது. ஆழ்வார்குறிச்சியில் கடனா நதிக்கரையில் நின்று மேற்கே பார்த்தால் தெரியும் மலைக்கும், காலடியில் ஓடும் நீருக்கும் இவ்வினாக்களோடு நெருங்கிய உறவு உண்டு என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

நீரிலிருந்தே தொடங்குவோம். நீரில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் உள்ளன என்பது பள்ளிப் பாடம். அந்த ஹைட்ரஜனின் அணுக்கருக்கள், சுமார் 1380 கோடி ஆண்டுகளுக்கு முன் நிகழ்ந்த பெருவெடிப்பின் முதற் சில நிமிடங்களிலேயே அமைந்துவிட்டவை. ஆக்சிஜனோ அதற்குப் பின்னர் விண்மீன்களின் வயிற்றில் வெந்து பிறந்தது. விண்மீன்கள் பெரும்பாலும் ஹைட்ரஜனால் ஆனவை என்பதை 1925-இல் சிசிலியா பெய்ன் என்ற அம்மையார் கண்டறிந்தார். அதற்கு அவருக்குத் துணைநின்றது, நம் நாட்டு மேகநாத் சாகா 1920-இல் வெளியிட்ட சமன்பாடு! ஆகவே ஆற்றில் அள்ளிய ஒரு கை நீரில் இருப்பது இம்மலையினும், ஏன், இப்பூமியினும் மூத்த பொருளாகும்.

பூமியின் வயது ஏறத்தாழ 454 கோடி ஆண்டுகள். 1956-இல் கிளேர் பேட்டர்சன் விண்கற்களில் உள்ள ஈயத்தை அளந்து இக்கணக்குக்கு வழிகாட்டினார். தொடக்கத்தில் உருகிய குழம்பாய் இருந்த பூமி ஆறியபோது, உள்ளிருந்து வெளியேறிய நீராவி மழையாய்ப் பொழிந்து பள்ளங்களை நிரப்பிற்று. விண்கற்கள் கொணர்ந்த நீரும் உண்டு. எதனால் வந்த பங்கு அதிகம் என்பதில் அறிஞரிடையே இன்றும் வாதம் நடக்கிறது. ஆனால் நீர் மிக முற்காலத்திலேயே இருந்தது என்பதற்குச் சாட்சி உண்டு. அது மேற்கு ஆஸ்திரேலியாவின் ஜாக் குன்றுகளில் கிடைத்த, 440 கோடி ஆண்டு வரை வயதுடைய சிர்க்கான் மணிகள்.

சிர்க்கான் நமக்குப் புதியதன்று. நம் தென்கோடிக் கடற்கரை மணலிலும் அது இருக்கிறது. இம்மணி படிகமாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை விடாது. பின்னர் யுரேனியம் சிறிது சிறிதாகச் சிதைந்து ஈயமாகிறது. யுரேனியம்-238 பாதியாகக் குறைய 447 கோடி ஆண்டுகள் ஆகும். எனவே உள்ளே காணும் ஈயமெல்லாம் கடந்துபோன காலத்தின் கணக்கு. நானே கணக்கிட்டுப் பார்த்தேன்: 100 யுரேனிய அணுக்களுக்குச் சுமார் 9 ஈய அணுக்கள் இருந்தால் வயது 55 கோடி ஆண்டு, 98 இருந்தால் 440 கோடி ஆண்டு. மடக்கை அட்டவணை இத்தனை சுவையானது என்று அதுவரை நான் நினைத்ததில்லை.

அந்த 55 கோடி என்ற எண்ணை வேண்டுமென்றேதான் எடுத்துக்கொண்டேன். தென்தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் உள்ள பாறைகள் பல, ஏறத்தாழ அக்காலத்தில் 20 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், 800 பாகை செல்சியசுக்கும் அதிகமான வெப்பத்தில் வெந்து உருமாறியவை. மடகாஸ்கர், ஆப்பிரிக்கா முதலியவற்றோடு நம் நிலம் மோதி, கோண்டுவானா என்னும் பெருங்கண்டமாக ஒட்டிக்கொண்ட காலம் அது. அவ்வாறு வெந்தவற்றுள் ஒன்றான கொண்டலைட் என்னும் பாறையில் செந்நிறக் கார்னெட் மணிகள் பதிந்திருக்கும். களிமண் மிகுந்த வண்டல்தான் இவ்வாறு மாறும். அதாவது, அது ஒரு காலத்தில் நீருக்கடியில் படிந்த சேறு! நெல்லைக்கு அருகே தாழையூத்தில், 1949-இல் சிமெண்டு உற்பத்தி தொடங்கக் காரணமாயிருந்த சுண்ணாம்புக்கல்லும் இத்தகையதே. பழங்கடலில் படிந்த சுண்ணாம்பு வெந்து பளிங்கானது.

எங்கள் தாத்தா கல்லுடைத்துப் பிழைத்தவர். "கல்லு வளரும்லே, எவ்வளவு ஒடைச்சாலும் மல கொறையாது" என்பார். அவர் உளியால் ஒரு மாதம் உடைத்ததை இன்று கிரஷர் எந்திரம் சில மணி நேரத்தில் ஜல்லியாக்கி லாரியில் ஏற்றிவிடுகிறது. இருபது கிலோமீட்டர் ஆழத்திலிருந்து மேலே வர இப்பாறைக்கு எத்தனை கோடி ஆண்டு ஆயிற்று என்று எண்ணும்போது எனக்குச் சற்றே அச்சம் உண்டாகிறது. படிக்கப்படாத ஏடு அடுப்பில் போவதைப் பார்ப்பது போன்றது அது.

இனி உயிர். 1953-இல் ஸ்டான்லி மில்லர் மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றில் மின்பொறி பாய்ச்சி அமினோ அமிலங்களைப் பெற்றார். இத்துறையில் நமக்கு நெருங்கியவர், இலங்கையின் காலியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழகத்தில் தத்துவம் பயின்று, பின்னர் வேதியியலுக்கு வந்த சிரில் பொன்னம்பெருமா. 1969-இல் ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசனில் விழுந்த விண்கல்லில் அமினோ அமிலங்கள் இருப்பதை அவரும் உடன் பணியாற்றியோரும் மறு ஆண்டே அறிவித்தனர். எனினும் அமினோ அமிலம் செங்கல்லே தவிர வீடன்று. செங்கல் எவ்வாறு வீடாயிற்று என்பது இன்னும் விளங்கவில்லை.

உயிர் இருந்ததற்கான பழஞ்சுவடுகள் ஆஸ்திரேலியாவில் சுமார் 350 கோடி ஆண்டுப் பாறைகளில் உள்ளன. நம் பாறைகளில் அத்தகைய உருவச் சுவடு கிடைக்காது; வெப்பம் எல்லாவற்றையும் அழித்துவிட்டது. ஆனால் கொண்டலைட்டில் கிராபைட் செதில்கள் மின்னுகின்றன. பென்சிலுக்குள் இருக்கும் அதே கிராபைட். உயிர்கள் உணவாக்கும்போது கனமான கார்பன்-13-ஐவிட இலேசான கார்பன்-12-ஐயே சற்று மிகுதியாக ஏற்கும். கேரளத்துக் கொண்டலைட்டில் பரவிக் கிடக்கும் கிராபைட்டை அளந்தவர்கள், அந்த இலேசான கார்பனையே மிகுதியாகக் கண்டனர். அந்தக் கடலடிச் சேற்றில் மடிந்து புதைந்த நுண்ணுயிர்களின் கரி அது.