மைக் ஏன் கத்தியது?



போன வருஷ ஆண்டு விழாவை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி பாட வந்தாள். முதல் வரியிலேயே பின் வரிசையிலிருந்து "கேக்கல... கேக்கல..." என்று சத்தம். ஆம்ப்ளிஃபயர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான்தான். வால்யூமைக் கூட்டினேன். அப்பவும் கேட்கவில்லை. இன்னும் கூட்டினேன். அவள் பயந்துபோய் மைக்கின் தலையை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்தாள். அவ்வளவுதான், "கூ..." என்று காதைக் கிழிக்கிற சத்தம்! எல்லோரும் காதை மூடிக்கொண்டு சிரித்தோம். அவள் பாட்டைப் பாதியிலேயே விட்டுவிட்டு இறங்கி ஓடிவிட்டாள்.

"அவ குரல் அவ்வளவுதான், மைக் எடுக்கல" என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். அதற்குப் பிறகு அவள் எந்த விழாவிலும் தனியாகப் பாடவில்லை.

நான் சொன்னது தப்பு. கோளாறு அவள் குரலிலும் இல்லை, மைக்கிலும் இல்லை. அதை எப்படித் தெரிந்துகொண்டேன் என்பதையும், மைக் பிடிக்கும் முறையையும் எல்லோருக்கும் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எங்கள் தெருக் கோயில் திருவிழாவுக்கு மைக் செட் போட வந்த அண்ணனிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்: "தம்பி, மைக்குக்கும் அந்தப் பாப்பா வாய்க்கும் எவ்வளவு தூரம் இருந்துச்சு?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவளுக்கு முன்னால் பேசியவர் நல்ல உயரமான சார். அவர் போன பிறகு ஸ்டாண்டை யாருமே இறக்கவில்லை. ஒன்றரை அடியாவது இருந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்.

1. மைக்குக்குள் என்ன இருக்கிறது?

நம் பள்ளியில் இருப்பது டைனமிக் மைக். கம்பி வலை உருண்டைக்குள் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் சவ்வு இருக்கிறது. இதை டயாபிரம் என்பார்கள். சவ்வின் பின்னால் மெல்லிய கம்பிச்சுருள் ஒட்டியிருக்கும். சுருளைச் சுற்றி ஒரு நிலைக்காந்தம். நாம் பாடினால் காற்று அதிர்கிறது, சவ்வு அதிர்கிறது, அதோடு சேர்ந்து சுருளும் காந்தப்புலத்துக்குள் முன்னும் பின்னும் ஆடுகிறது. காந்தப்புலத்தில் கம்பிச்சுருள் அசைந்தால் என்ன ஆகும்? மின்சாரம் தோன்றும். அதாவது, அறிவியல் பாடத்தில் நாம் படிக்கும் மின்காந்தத் தூண்டல்தான் இது!

மைக்கேல் ஃபாரடே இதைக் கண்டுபிடித்தது 1831-இல். சரியாக நூறு வருஷம் கழித்து, 1931-இல், அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் நிறுவனம் 618-ஏ என்ற டைனமிக் மைக்கை வெளியிட்டது. பெல் ஆய்வகத்தைச் சேர்ந்த வென்டே, துராஸ் என்ற இருவர் அதை உருவாக்கினார்கள். இன்று உலகம் முழுவதும் பாடகர்கள் கையில் பார்க்கிற ஷூர் எஸ்.எம்.58 மைக் 1966-இல் வந்தது. அதன் எடை ஏறக்குறைய 300 கிராம்.

இந்த மைக்குக்கு பேட்டரி வேண்டாம், வெளியிலிருந்து கரண்ட் வேண்டாம். நம் குரல்தான் அதற்கு மின்சாரம். ஆனால் அது மிக மிகக் கொஞ்சம். ஒரு டார்ச் செல் 1.5 வோல்ட். மைக் தருவது அதில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒரு பங்கு, அதாவது ஒன்றிரண்டு மில்லிவோல்ட்தான். அதைப் பெரிதாக்கத்தான் ஆம்ப்ளிஃபயர்.

செய்து பாருங்கள்: ஸ்பீக்கருக்குள்ளும் இதே காந்தமும் சுருளும்தான் இருக்கின்றன. பழைய ரேடியோவின் சின்ன ஸ்பீக்கரை எடுத்து, ஆம்ப்ளிஃபயரில் மைக் செருகும் இடத்தில் இணைத்து, அதன் முன்னால் பேசுங்கள். மெதுவாக உங்கள் குரல் கேட்கும்! ஆசிரியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

2. தூரம் செய்கிற கணக்கு

வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் இரண்டு மடங்கானால் மைக் தரும் மின்னழுத்தம் ஏறக்குறைய பாதியாகும். 5 செ.மீ. தூரத்தில் 8 பங்கு கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

5 செ.மீ. = 8 பங்கு
10 செ.மீ. = 4 பங்கு
20 செ.மீ. = 2 பங்கு
40 செ.மீ. = 1 பங்கு

அந்தத் தங்கை 40 செ.மீ.க்கும் தள்ளி நின்றாள். பக்கத்தில் நின்றிருந்தால் கிடைத்திருக்கும் சத்தத்தில் எட்டில் ஒரு பங்குகூட மைக்குக்குப் போகவில்லை. அதை ஈடுகட்ட நான் வால்யூமை எட்டு மடங்கு கூட்டவேண்டி வந்தது. குரல் சின்னது இல்லை, தூரம்தான் பெரியது!

3. "கூ" சத்தம் எங்கிருந்து வருகிறது?

ஸ்பீக்கரிலிருந்து வரும் சத்தம் ஹாலில் பரவி, கொஞ்சம் திரும்பவும் மைக்குக்குள் நுழைகிறது. ஆம்ப்ளிஃபயர் அதையும் பெரிதாக்கி ஸ்பீக்கருக்கு அனுப்புகிறது. அது மறுபடி மைக்குக்கு வருகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் குறைந்து வந்தால் பிரச்சினை இல்லை. கொஞ்சம் கூடி வந்தால்? வட்டிக்கு வட்டி மாதிரி ஏறிக்கொண்டே போய், கண் மூடித் திறப்பதற்குள் கத்த ஆரம்பித்துவிடும். டென்மார்க் நாட்டு இயற்பியலாளர் லார்சன் பெயரால் இதை லார்சன் விளைவு என்றும் சொல்வார்கள்.

இப்போது மேலே உள்ள கணக்கோடு சேர்த்துப் பாருங்கள். நான் வால்யூமை எட்டு மடங்கு கூட்டியபோது அவள் குரல் மட்டுமா கூடியது? ஸ்பீக்கரிலிருந்து திரும்பி வந்த சத்தமும் எட்டு மடங்கு கூடியது. போதாக்குறைக்கு, ஸ்பீக்கர் பாக்ஸ் இரண்டையும் மேடையில் பாடுகிறவர்களுக்குப் பின்னால் வைத்திருந்தோம். மைக்கின் முகம் நேராக ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

மைக் செட் அண்ணன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கேக்கலன்னா வால்யூமுக்குக் கை போகக் கூடாது தம்பி. மொதல்ல மைக்கைக் கிட்ட கொண்டு போ. பாக்ஸை முன்னால தள்ளு. கடைசியாத்தான் வால்யூம்."

4. தலையைப் பொத்தினால் என்ன ஆகும்?

நம் மைக் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி கேட்காது. முன்பக்கம் நன்றாகக் கேட்கும், பக்கவாட்டில் பாதிதான் கேட்கும், நேர் பின்பக்கம் மிகக் குறைவு. இதைப் படமாக வரைந்தால் இதய வடிவம் வருவதால் கார்டியாய்டு மைக் என்று பெயர்.

உருண்டைக்குள், சவ்வுக்குப் பின்பக்கமும் சத்தம் நுழையச் சின்ன வழிகள் இருக்கின்றன. பின்னாலிருந்து வரும் சத்தம் சவ்வின் இரண்டு பக்கமும் ஒரே நேரத்தில் தள்ளுவதால் சவ்வு அசையாமல் நிற்கிறது. கயிறு இழுக்கும் போட்டியில் இரண்டு பக்கமும் சம பலம் என்றால் கயிறு நகராது அல்லவா, அது மாதிரி.

உருண்டையைக் கையால் பொத்தினால் அந்த வழிகள் அடைபடும். அப்புறம் மைக் எல்லாப் பக்கமும் கேட்க ஆரம்பித்துவிடும். ஸ்பீக்கர் சத்தமும் தாராளமாக உள்ளே போகும். சினிமாவில் சிலர் உருண்டையைப் பொத்திப் பிடித்துப் பாடுவதைப் பார்த்து நாமும் ஸ்டைலாகப் பிடிக்கிறோம். வேண்டாம்! கைப்பிடியை மட்டும் பிடியுங்கள்.

5. பாடுகிறவர்களுக்கு

அ) வாயிலிருந்து இரண்டு, மூன்று விரல் அகலம் தள்ளி மைக் இருக்கட்டும். மெதுவாகப் பாடும் இடத்தில் இன்னும் கிட்ட, மேல் ஸ்தாயியில் ஓங்கிப் பாடும்போது ஒரு சாண் தள்ளி. பெரிய பாடகர்கள் மைக்கை முன்னும் பின்னும் அசைப்பது இதற்காகத்தான், அழகுக்காக இல்லை.

ஆ) உள்ளங்கையை வாய்க்கு நேராக வைத்து "பம்பரம்" என்று சொல்லுங்கள். பிறகு "மலர்" என்று சொல்லுங்கள். 'ப' சொல்லும்போது கையில் காற்று அடிக்கும். அந்தக் காற்று மைக்கில் பட்டால் "டொப்" என்று கேட்கும். அதனால் மைக்கை வாய்க்கு நேர் எதிரில் வைக்காமல், கொஞ்சம் கீழே தாழ்த்தி, வாயைப் பார்த்தபடி சாய்த்துப் பிடிக்கவும்.

இ) மிகவும் கிட்டப் போனால் குரலில் அடித்தொனி கூடும். பாட்டுக்கு அது சில சமயம் அழகு. ஆனால் பேச்சுப் போட்டியில் உதடு ஒட்டப் பேசினால் "டும் டும்" என்று கேட்குமே தவிர வார்த்தை புரியாது. பேசுகிறவர்கள் நாலைந்து விரல் தள்ளி நிற்கலாம்.

ஈ) தலையைத் திருப்பினால் மைக்கும் கூடவே திரும்ப வேண்டும்.

உ) மைக்கைத் தட்டியோ ஊதியோ சோதிக்கக் கூடாது. ஊதினால் எச்சில் ஈரம் உள்ளே போகும். பாடப்போகிற பாட்டின் ஒரு வரியைப் பாடிப் பாருங்கள், அதுதான் சரியான டெஸ்டிங்.

ஊ) பாடி முடித்ததும் மைக்கைக் கீழே தொங்கவிட்டு ஸ்பீக்கர் பக்கம் காட்டாதீர்கள்.

6. வாத்தியங்களுக்கு

மிருதங்கத்துக்கு இரண்டு பக்கமும் ஒவ்வொரு மைக், அரை அடி தள்ளி. புல்லாங்குழலுக்கு வாய்த்துளைக்குப் பக்கத்தில், ஆனால் ஊதும் காற்று நேராகப் படாதபடி. நாதஸ்வரமும் தவிலும் திறந்தவெளிக்கே போதுமானவை, ஹாலில் வைத்தால் இரண்டு மூன்று அடி தள்ளி வைக்கலாம். பறைக்கு நம் ஹாலில் மைக்கே தேவையில்லை.

தமிழ்த்தாய் வாழ்த்துக்கு எட்டுப் பேர் ஒரே மைக்கைச் சுற்றி நெருக்குகிறோம். நடுவில் இருப்பவர் குரல்தான் கேட்கிறது. மைக்கை நடுவில் வைத்து, வில் மாதிரி வளைந்து, எல்லோரும் சம தூரத்தில் நிற்க வேண்டும். இரண்டு மைக் இருந்தால் நாலு நாலு பேராகப் பிரியலாம். வாய்க்கும் மைக்குக்கும் ஓர் அடி என்றால், இரண்டு மைக்குக்கும் நடுவே மூன்று அடியாவது இருக்க வேண்டும் என்பது ஒரு பழைய விதி. இல்லையென்றால் ஒரே குரல் இரண்டு மைக்கிலும் புகுந்து குழப்பும்.

7. ஆம்ப்ளிஃபயர் பக்கம் உட்காருகிறவர்களுக்கு

* ஸ்பீக்கர் பாக்ஸ் எப்போதும் மைக்குக்கு முன்னால், பார்வையாளர் பக்கம் இருக்கட்டும்.
* மைக் ஒயரைக் கரண்ட் ஒயரோடு சேர்த்து ஓட்டாதீர்கள், "உர்ர்" என்று இரையும்.
* மைக்கைச் செருகும்போதும் கழற்றும்போதும் வால்யூமைக் குறைத்துவிடுங்கள்.
* மைக்கைத் தொட்டால் சுருக்கென்று ஷாக் அடித்தால் உடனே நிறுத்தி ஆசிரியரிடம் சொல்லுங்கள். எர்த் சரியில்லை என்று அர்த்தம். விளையாட்டு இல்லை!
* ஒவ்வொருவர் வரும்போதும் எழுந்துபோய் ஸ்டாண்டை அவர் உயரத்துக்கு மாற்றுங்கள். இதை நான் செய்யவில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

மைக் இல்லாத காலத்தில் எஸ்.ஜி.கிட்டப்பாவும் கே.பி.சுந்தரம்பாளும் நாடகக் கொட்டகை முழுவதும் கேட்கும்படி பாடினார்கள். அப்படிப்பட்ட குரல் எல்லோருக்கும் அமையாது. மெல்லிய குரல் உள்ளவரும் ஊர் கேட்கப் பாடலாம் என்பதற்குத்தான் மைக் வந்தது. அந்த மைக்கை வைத்தே ஒரு மெல்லிய குரலை நான் நிறுத்திவிட்டேன்.

போன வாரம் அந்தத் தங்கையிடம் மன்னிப்புக் கேட்டேன். மதிய இடைவேளையில் ஆசிரியர் அனுமதியோடு காலி ஹாலில் மைக்கை வைத்தோம். அவள் தோழிகள் இருவர் கூட வந்தார்கள். ஸ்டாண்டை அவள் வாய் உயரத்துக்கு இறக்கி, பாக்ஸை முன்னால் தள்ளி வைத்தேன். வால்யூம் போன வருஷம் இருந்ததில் பாதிகூட இல்லை. அவள் பாடினாள். கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த என் நண்பன், "நல்லா கேக்குது" என்று கை தூக்கினான். "கூ" வரவே இல்லை.

"இந்த வருஷம் ஆண்டு விழாவில பாடுறியாம்மா?" என்று கேட்டேன்.

"ஸ்டாண்டை நீங்க வந்து எறக்கி வெப்பீங்களா அண்ணா?" என்று கேட்டாள்.

வைப்பேன் என்று சொல்லியிருக்கிறேன். உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். விழாவில் மைக் கத்தினால் பாடுகிறவரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள். ஆம்ப்ளிஃபயர் பக்கம் திரும்பி என்னைப் பாருங்கள்.