லீவு போட்டும் களைப்பு தீரவில்லையா?

காலை ஒன்பதரைக்கு அலுவலகம். ஏழு மணிக்கு மேல் வீடு. இரவு ஒன்பதரைக்கு அமெரிக்க வாடிக்கையாளருடன் மறுபடி ஒரு கால். முடியும்போது பதினொன்றைத் தாண்டிவிடும். சென்னை ஓ.எம்.ஆர். சாலையிலிருந்து என்னிடம் சிகிச்சைக்கு வரும் ஐ.டி. ஊழியர்களில் பலரின் நாள் இப்படித்தான் போகிறது. வருகைப் பதிவில் இருப்பது ஒன்பது மணி நேரம். உட்கார்ந்து கூட்டிப் பார்த்தால் பதினொன்று வரும். வாரத்துக்கு 55.

அந்த 55-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரம் 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களை 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களோடு ஒப்பிட்டது. பக்கவாதம் வரும் ஆபத்து 35 சதவீதமும், இதய ரத்தக்குழாய் நோயால் இறக்கும் ஆபத்து 17 சதவீதமும் கூடுதலாக இருந்தன. மனத்தின் பாதிப்பு பெரும்பாலும் இவற்றுக்கு முன்பே தெரிந்துவிடும்.

முதலில் அடிபடுவது தூக்கம். உடலை விழிப்பாக வைக்கும் கார்டிசால் (அட்ரீனல் சுரப்பியின் ஹார்மோன்) காலையில் உச்சத்தில் இருந்து, இரவில் இறங்க வேண்டும். பதினொரு மணிவரை வாடிக்கையாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்த மூளை, விளக்கை அணைத்ததும் அடங்கிவிடாது. கால் இல்லாத நாளிலும் "மெசேஜ் வருமோ" என்ற எதிர்பார்ப்பு போதும், தூக்கம் துண்டு துண்டாகிவிடும்.

இது மாதக்கணக்கில் நீடித்தால் வருவது பணிச்சோர்வு (பர்ன் அவுட்). உலக சுகாதார நிறுவனம் இதை நோய் என்று வகைப்படுத்தவில்லை. வேலை சார்ந்த நிலை என்றே சொல்கிறது. சக்தி வற்றுவது, வேலைமீது வெறுப்பும் விலகலும் வருவது, செயல்திறன் குறைவது ஆகியவை இதன் மூன்று அடையாளங்கள். பத்து நிமிடத்தில் எழுதிய மின்னஞ்சலுக்கு இப்போது ஒரு மணி நேரம் ஆகும். ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிப்பீர்கள். ஞாயிறு மாலை வந்தாலே வயிற்றைப் பிசையும்.

மனச்சோர்வு நோய் (டிப்ரஷன்) வேறு. அது அலுவலக வாசலோடு நிற்பதில்லை. பிடித்த சாப்பாடு, கிரிக்கெட், பிள்ளையின் பேச்சு எதிலும் நாட்டமில்லாமல், பசியும் தூக்கமும் மாறி, "நான் எதற்கும் லாயக்கில்லை" என்ற எண்ணம் இரண்டு வாரத்துக்கு மேல் நாள் முழுக்கத் தொடர்ந்தால் சிகிச்சை தேவை.

பதற வேண்டாம்; நீங்களே முடிவு கட்டவும் வேண்டாம். நெஞ்சு அடைத்தால் "டென்ஷன்தான்" என்று விட்டுவிடாமல் உடனே மருத்துவரைப் பார்த்து ஈ.சி.ஜி. எடுங்கள். தீராத அசதிக்கு ரத்தசோகை, தைராய்டு குறைவு, பி12 குறைபாடு, சர்க்கரை எல்லாமே காரணமாகலாம். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

தூக்கத்துக்காக ராத்திரி இரண்டு பெக் போடுபவர்கள் உண்டு. மது சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பியும் விடும். நண்பர் கொடுத்த தூக்க மாத்திரை சில வாரங்களிலேயே பழக்கமாகிவிடும். "கல்யாணம் பண்ணி வைத்தால் சரியாகிவிடும்" என்பதை நான் இன்னமும் கேட்கிறேன். அதற்குப் பதில் சொல்லக்கூட எனக்குப் பொறுமை இல்லை.

லீவு நல்லதுதான். ஆனால் திரும்பிப் போகும் வேலை நேரம் அப்படியே இருந்தால், அதன் பலன் சில வாரங்களில் கரைந்துவிடும். மாற வேண்டியது அந்த நேரம்தான். இரண்டு வாரத்துக்கு, வேலை தொடங்கிய, முடிந்த நேரத்தைத் தினமும் குறித்து வையுங்கள். மேலாளரிடம் "வேலை ஜாஸ்தி" என்று பொதுவாகச் சொன்னால், "எல்லாருக்கும்தான்" என்பார். "வாரத்தில் ஐந்து இரவு கால் இருக்கிறது. இரண்டை வேறொருவர் எடுக்கட்டும், இரவு கால் இருந்தால் மறுநாள் பதினொரு மணிக்கு வருகிறேன்" என்று குறிப்பாகக் கேளுங்கள், மின்னஞ்சலிலும் எழுதுங்கள். வாரம் 48 மணி நேரம் என்பது நம் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக வைத்திருக்கும் வரம்பு. நீங்கள் கேட்பது சலுகை அல்ல.

வீட்டில், இரவு போனை ஹாலில் வைத்துவிட்டுப் படுங்கள். குடித்த காபியில் உள்ள காஃபீனில் பாதி, ஐந்தாறு மணி நேரம் கழித்தும் உடலில் இருக்கும். மூன்று மணிக்கு மேல் வேண்டாம்.

இவற்றுக்குப் பிறகும் மாற்றமில்லை என்றால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மனச்சோர்வுக்கான மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்க இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். தூக்க மாத்திரைபோல் அடிமையாக்குவதில்லை, ஆனால் நீங்களாக நிறுத்தக் கூடாது. அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறவர்களுக்கு: 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உடல் நோய்க்கு உள்ளதுபோலவே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நேரில் வரத் தயக்கமாக இருந்தால், மத்திய அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் அழைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலேயே பேசலாம்.

சாக வேண்டும் என்ற எண்ணம் ஒருமுறை வந்தாலும் அடுத்த வாரத்துக்குத் தள்ளாதீர்கள். வீட்டில் ஒருவரிடம் சொல்லி, அவரையும் அழைத்துக்கொண்டு அன்றே மருத்துவமனைக்கு வாருங்கள்.