பழைய இன்ஜினுக்கு சூப்பர்சார்ஜர்: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

முதல் தலைமுறை மஸ்டா மியாட்டா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கட்டத்தில் சூப்பர்சார்ஜர் ஆசை வந்தே தீரும். 1.6 லிட்டர் இன்ஜின், 116 குதிரைத்திறன். வளைவுகளில் பிரமாதமாக ஓடும், மேடு வந்தால் திணறும். இந்தக் காருக்கென்றே அமெரிக்காவின் ஜாக்சன் ரேசிங், ஈட்டன் எம்45 ப்ளோயரை வைத்து ஒரு கிட் விற்றது. பழைய கிட்கள் இன்றும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. ஆனால் அந்தக் கார்களுக்கு முப்பது வயது ஆகிவிட்டது. "இவ்வளவு ஓடிய இன்ஜின் தாங்குமா?" என்று கேட்பவர்கள் ஓடோமீட்டரைப் பார்த்துக் கேட்கிறார்கள். பார்க்க வேண்டியது கம்ப்ரஷன் கேஜை.

செய்ய வேண்டியவை

• முதல் செலவு கம்ப்ரஷன் டெஸ்டாக இருக்கட்டும். இன்ஜினைச் சூடாக்கி, நான்கு பிளக்கையும் கழற்றுங்கள். பெட்ரோலும் ஸ்பார்க்கும் வராமல் துண்டித்துவிட்டு, ஆக்சிலரேட்டரை முழுக்க மிதித்தபடி செல்ஃப் அடியுங்கள். முள் ஏறி நிற்கும் அளவை ஒவ்வொரு சிலிண்டருக்கும் எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் 170, 175 பிஎஸ்ஐ என்று ஒட்டி வந்தால் நல்ல சேதி. மூன்று 175 காட்டி ஒன்று மட்டும் 130-ல் நின்றால், அந்தச் சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். முள் மேலே போனால் ரிங் தேய்ந்திருக்கிறது. போகாவிட்டால் வால்வு அல்லது ஹெட் கேஸ்கெட்டைச் சந்தேகிக்கலாம். சிலிண்டர்களுக்குள் பத்துப் பதினைந்து சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் கிட் வாங்கும் பேச்சையே எடுக்காதீர்கள்.

ரிங் விஷயத்தில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. ரிங் தேய்ந்தால் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டி கிராங்க்கேஸுக்குள் இறங்கும். பூஸ்ட் கூடக்கூட அதுவும் கூடும். அந்த அழுத்தம் ஆயில் ஆவியை இன்டேக் பக்கம் தள்ளும். பெட்ரோலோடு ஆயில் கலந்தால் ஆக்டேன் குறைந்து நாக்கிங் தொடங்கும். நாக்கிங் முற்றினால் பிஸ்டன் உடையும். சாதாரணமாக ஓட்டும்போது ஆயில் கொஞ்சம் குடிப்பதோடு போயிருக்கும் கோளாறு, பூஸ்டில் இன்ஜினையே காவு வாங்கிவிடும்.

• 1990, 91 மாடல் என்றால் கிராங்க் புல்லியைப் பாருங்கள். தொடக்கக்கால 1.6 இன்ஜின்களில் கிராங்க்கின் முனை குட்டை. போல்ட் தளர்ந்து, சாவி உட்காரும் பள்ளம் தேய்ந்துபோவது அவற்றுக்கு வழக்கம். புல்லியின் முகத்தில் நான்கு துளைகள் இருந்தால் குட்டை முனை, எட்டு இருந்தால் பின்னால் வந்த நீள முனை. ஐடிலில் ஓடவிட்டுப் புல்லி ஆடுகிறதா என்று கவனியுங்கள். சூப்பர்சார்ஜர் பெல்ட் இழுக்கப்போவது அந்த முனையைத்தான்.

• காற்றுக்கேற்ற பெட்ரோல் போக வேண்டும். வெளியே காற்றழுத்தம் 14.7 பிஎஸ்ஐ. அதன்மேல் 6 பிஎஸ்ஐ பூஸ்ட் என்றால், கணக்குப்படி நாற்பது சதவீதம் கூடுதல் காற்று. முப்பது வருடப் பழைய பம்பும் அழுக்கடைந்த இன்ஜெக்டரும் அதற்கு ஈடுகொடுக்காது. இன்ஜெக்டர்களைச் சுத்தம் செய்து அளந்து பார்க்கச் சொல்லுங்கள், பம்பைப் புதிதாகப் போடுங்கள். காற்று-பெட்ரோல் விகிதம் காட்டும் வைட்பேண்ட் கேஜ் இல்லாமல் ஓட்டவே வேண்டாம். பூஸ்டில் அது 12-க்குச் சற்றுக் கீழே நிற்பது நல்லது. 13-ஐத் தாண்டினால் காலை எடுத்துவிடுங்கள்.

• ரேடியேட்டரின் மேல்தொட்டி கறுப்பு பிளாஸ்டிக். அது பழுப்போ பச்சையோ ஆகியிருந்தால் வெடிக்க நாள் பார்த்துக்கொண்டிருக்கிறது, மாற்றிவிடுங்கள். டைமிங் பெல்ட்டும் வாட்டர் பம்பும் அதே கையோடு.

• பழைய கிட் வாங்கினால் ப்ளோயரின் கியர் ஆயிலை மாற்றுங்கள். அதற்கென்று தனி ஆயில் உண்டு. பலருக்கு இது தெரிவதே இல்லை.

செய்யக்கூடாதவை

• சின்னப் புல்லி போடாதீர்கள். ப்ளோயர் இன்னும் வேகமாகச் சுற்றும், பூஸ்ட் ஏறும், காற்றின் சூடும் சேர்ந்தே ஏறும். எம்45 போன்ற ரூட்ஸ் வகை ப்ளோயர்களில் இந்தச் சூடு அதிகம். இன்டர்கூலர் இல்லாத கிட்டில் அந்தச் சூடு நேராக சிலிண்டருக்குத்தான் போகும். கிட்டோடு வந்த புல்லியே போதும்.

• "கம்பெனியே சூப்பர்சார்ஜர் வைத்து விற்கிறதே" என்று சமாதானம் சொல்லிக்கொள்ளாதீர்கள். ஜெனரல் மோட்டார்ஸின் 3.8 லிட்டர் வி6-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். சாதாரண எல்36-ல் கம்ப்ரஷன் விகிதம் 9.4; சூப்பர்சார்ஜர் வைத்த எல்67-ல் அதை 8.5-ஆகக் குறைத்தார்கள். பிஸ்டனும் வேறு. உங்கள் 1.6-ல் இருப்பது 9.4, அதுவும் பழைய பிஸ்டனோடு.

• பிரீமியம் தவிர வேறு பெட்ரோல் போடாதீர்கள். பூஸ்டில் கிணிகிணி என்று சத்தம் கேட்டால் ரேடியோவைக் கூட்டிவைக்கிற ஆளா நீங்கள்? இந்த வேலையே வேண்டாம்.

• ரிங் போன இன்ஜினில் கெட்டி ஆயில் ஊற்றிச் சமாளிப்பது காரை விற்பவர் செய்யும் வேலை. ஓட்டப்போகிறவர் செய்யக்கூடாது.

• கிளட்ச்சையும் பின்னால் இருக்கும் டிஃபரென்ஷியலையும் மறந்துவிடாதீர்கள். 1.6 மாடலின் டிஃபரென்ஷியல் சிறியது, 1994-ல் 1.8 வந்தபோது மஸ்டாவே அதைப் பெரிதாக்கியது.

• சட்டத்தைக் கேட்காமல் ஸ்பேனர் எடுக்காதீர்கள். கலிஃபோர்னியாவில் அனுமதி எண் இல்லாத கிட்டோடு புகைச் சோதனைக்குப் போனால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இந்தியாவில் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் தந்த அமைப்பை மாற்றக்கூடாது என்பதை 2019-ல் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது.

டெஸ்டில் இன்ஜின் தேறவில்லை என்றால் கிட்டுக்கு வைத்த பணத்தில் 1994-ல் வந்த 1.8 இன்ஜின் நல்லதாக ஒன்றைத் தேடிப் போடுங்கள். எந்த ப்ளோயரும் இல்லாமலே அது 128 குதிரைத்திறன் தரும்.