ரேம் எந்தத் தலைமுறை? வெட்டைப் பார்த்துச் சொல்லலாம்

மின்சாரம் நின்றால் ரேமில் உள்ளது அழிந்துவிடும் என்று மேல்நிலை முதலாம் ஆண்டு மாணவர்கள் தேர்வில் சரியாகவே எழுதிவிடுகிறார்கள். ஒரு ரேம் அட்டையைக் கையில் கொடுத்து, இது எந்தக் கணினிக்குப் பொருந்தும் என்று கேட்டால்தான் விழிக்கிறார்கள். பல ஆண்டுகளில் வந்த கணினிகள் சேர்ந்திருக்கும் ஆய்வகத்தில் இந்தக் கேள்வி ஆசிரியருக்கும் வரும். காரிமங்கலத்தில் இருப்பவர் உதிரிபாகத்துக்குத் தருமபுரி அல்லது கிருஷ்ணகிரி போகவேண்டும். பழைய அட்டை அங்கே கிடைக்காவிட்டால் பெங்களூரு எஸ்.பி. சாலைதான். தலைமுறை தெரியாமல் வாங்கி வந்தால் ஒரு நாளும் பஸ் காசும் வீண். பொருந்தாததை அழுத்திச் செருகினால் தாய்ப்பலகைக்கே சேதம்.

மேசைக் கணினியின் டிடிஆர் அட்டைகள் எல்லாம் ஏறத்தாழ 133 மி.மீ. நீளம்தான். ஆகவே நீளம் உதவாது. அடிவிளிம்பில் தங்கநிறத் தொடுமுனைகளுக்கு இடையே உள்ள வெட்டைப் பாருங்கள். அதன் இருபுறமும் உள்ள தொடுமுனைகளை எண்ணினால் விடை கிடைத்துவிடும். டிடிஆர் 1இல் ஒரு பக்கத்தில் 52, 40. டிடிஆர் 2இல் 64, 56. டிடிஆர் 3இல் 48, 72. கடைசி இரண்டிலும் இருபக்க மொத்தம் 240தான். குழப்பம் பெரும்பாலும் இங்குதான். வெட்டு நடுவை ஒட்டி இருந்தால் 2, நன்றாக ஒதுங்கி இருந்தால் 3. டிடிஆர் 4இல் 77, 67, மொத்தம் 288. அதன் அடிவிளிம்பு நேராக இல்லாமல் நடுவில் சற்றே இறங்கியிருக்கும். டிடிஆர் 5இலும் 288தான், ஆனால் வெட்டின் இடம் வேறு.

ஏன் இடத்தை மாற்றினார்கள் என்று மாணவர் கேட்பார்கள், கேட்கவேண்டும். டிடிஆர் 1க்கு 2.5 வோல்ட், அடுத்தடுத்து 1.8, 1.5, 1.2, 1.1 என மின்னழுத்தம் குறைந்து வந்தது. சமிக்ஞைகளின் ஒழுங்கும் மாறியது. தவறான அட்டை உள்ளே போகாமல் தடுக்கும் பூட்டுதான் அந்த வெட்டு.

ஒட்டுச்சீட்டு கிழியாமல் இருந்தால் எண்ணவே வேண்டாம். பிசி3-12800 என்பதில் பிசியை அடுத்துள்ள 3 தலைமுறையைக் குறிக்கும். 12800ஐ 8ஆல் வகுத்தால் 1600, அது வேகம். பிசி2-6400 என்றால்? வகுப்பிலேயே கணக்குப் போடச் சொல்லலாம். பிசி3எல் என்றிருந்தால் அது 1.35 வோல்ட்டில் இயங்கும் வகை. பிந்தைய சில மடிக்கணினிகள் அதை மட்டுமே ஏற்கும் என்பதால் அந்த ‘எல்’ எழுத்தையும் குறித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

மடிக்கணினி அட்டை சிறியது: டிடிஆர் 3க்கு 204 தொடுமுனை, டிடிஆர் 4க்கு 260. விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கிய 2011 டிடிஆர் 3இன் காலம். அக்காலத்து மடிக்கணினி பழுதாகி யார் வீட்டிலாவது கிடந்தால் அதன் அட்டை நல்ல கற்பித்தல் கருவி.

விண்டோஸ் ஓடும் கணினியைத் திறக்கும் முன் டாஸ்க் மேனேஜரில் மெமரி பக்கத்தைப் பாருங்கள். வேகம் 1333 அல்லது 1600 என்றால் பெரும்பாலும் டிடிஆர் 3. 2400, 2666 என்றால் டிடிஆர் 4. எத்தனை ஸ்லாட் காலி என்பதும் அங்கேயே தெரியும்.

திறப்பதானால் மின்கம்பியைக் கழற்றிவிட்டு, பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பிறகே அட்டையில் கைவைக்கவேண்டும். விளிம்பைப் பிடித்து எடுக்கவேண்டும். கணினி ‘பீப்’ ஒலி மட்டும் எழுப்பினால் உடனே புது அட்டைக்குக் கிளம்பவேண்டாம். தொடுமுனைகளை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகளைத் துடைத்து, மீண்டும் செருகிப் பாருங்கள்.