தண்ணீர் கேன் தூக்குபவரின் இடுப்பைப் பாருங்கள்

அனிமேஷன் படிக்க வந்திருக்கும் பிள்ளைகளே, முகபாவமும் வசனமும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். மாயா மென்பொருளுக்குள் இரும்புக் குண்டும் பலூனும் ஒன்றுதான். எதற்கும் எடை கிடையாது. அதைக் கொடுக்க வேண்டியது நீங்கள். அதற்காகச் சில குறிப்புகள் சொல்கிறேன்.

1. பவுன்ஸிங் பால் செய்யச் சொன்னால் முகம் சுளிக்காதீர்கள். ஒரே அளவில், ஒரே நிறத்தில் இரண்டு பந்துகள். ஒன்று இரும்பு, மற்றது ரப்பர். கனமானது வேகமாக விழும் என்று நினைத்துப் பாதிப் பேர் இரும்பை அவசரமாகக் கீழே இறக்குவார்கள். மேசை உயரத்திலிருந்து போட்டால் இரண்டும் ஒன்றாகத்தான் தரையைத் தொடும். தொட்ட பிறகுதான் எது இரும்பு என்று தெரியும். ரப்பர் துள்ளிக்கொண்டே போகும். இரும்பு ஒரு தடவை லேசாக எழும்பிவிட்டு உருளத் தொடங்கும்.

2. இரண்டு கணக்கை மனப்பாடம் செய்யுங்கள். விநாடிக்கு 24 ஃப்ரேம் என்றால், 30 செ.மீ. விழ 6 ஃப்ரேம், 1.2 மீட்டர் விழ 12 ஃப்ரேம். உயரம் நான்கு மடங்கானால் நேரம் இரண்டு மடங்குதான் ஆகும். ஏறுவதற்கும் இறங்குவதற்கும் ஒரே நேரம். ஆகவே 30 செ.மீ. குதிப்பவன் காற்றில் இருப்பது 12 ஃப்ரேம். அவனை 24 ஃப்ரேம் தொங்கவிட்டால் நிலாவில் குதிப்பதுபோல் இருக்கும். உயரமான ராட்சதன் விழுவது மெதுவாகத் தெரிவதற்கும் உயரம் கூடினால் நேரம் கூடும் என்ற இதே கணக்குதான் காரணம்.

3. வீட்டுக்கு 20 லிட்டர் தண்ணீர் கேன் போட வருபவரைப் பக்கவாட்டில் நின்று பாருங்கள் (சொல்லிவிட்டுப் பாருங்கள், இல்லாவிட்டால் முறைப்பார்). அவர் கையால் தூக்குவதில்லை. முதலில் பாதம் கேனை ஒட்டிப் போகிறது. முழங்கால் மடங்கி, இடுப்பு பின்னால் தள்ளி, கை விறைக்கிறது. உடம்பு முழுதும் முறுக்கேறியும் கேன் சில ஃப்ரேம் அசையாமல் இருக்கும். அந்தச் சில ஃப்ரேமில்தான் 20 கிலோ இருக்கிறது. பிள்ளைகள் அதை விட்டுவிட்டு, கை பட்டதுமே கேனைக் கிளப்பிவிடுகிறார்கள். கிளம்பிய பிறகு உடம்பு எதிர்ப்பக்கம் சாயும், சும்மா இருக்கும் கை விரியும். தோளில் ஏறிவிட்டால் எட்டு குறுகும். இரண்டு பாதமும் தரையில் சேர்ந்திருக்கும் நேரம் கூடும்.

திரும்பும்போது அதே ஆள் காலி கேனை இரண்டு விரலில் கழுத்தைப் பிடித்து ஆட்டிக்கொண்டு போவார். காலியைத் தண்ணீர் உள்ளது என்று நினைத்து ஒருவர் தூக்கினால்? கை சட்டென்று மேலே போகும், உடம்பு பின்னால் தடுமாறும். எடையைப் பற்றி மனசு போட்ட கணக்கும் உடம்பில் தெரியும். இந்த ஒரு ஷாட்டைச் சரியாகச் செய்துவிட்டால் நடிப்புப் பாடத்துக்குள் கால் வைத்துவிட்டீர்கள்.

4. போஸை இடுப்பிலிருந்து தொடங்குங்கள். நிற்பவரின் ஈர்ப்பு மையம் தொப்புளுக்குச் சற்றுக் கீழே. அங்கிருந்து தூக்குநூல் விட்டால் அது பாதங்களுக்குள் விழ வேண்டும்; வெளியே விழுந்தால் அவர் சாய்கிறார், அல்லது அடுத்த எட்டு வைக்கப் போகிறார். ஒற்றைக் காலில் பாரம் ஏறினால் அந்தப் பக்க இடுப்பு உயரும், தோள் தாழும். நேரம் கிடைத்தால் எழும்பூர் அருங்காட்சியகத்தில் சோழர் காலச் செப்புத் திருமேனிகளின் முன்னால் ஸ்கெட்ச் புத்தகத்தோடு நில்லுங்கள். உடல் மூன்று இடத்தில் வளையும் திரிபங்கத்தில் நிற்கும் அம்மனின் பாரம் எந்தக் காலில் என்று குழப்பமே வராது. நம் ரிக்குகளுக்கு அந்தத் தெளிவு வருவதில்லை.

5. நடையில் உடம்பு மிகவும் தாழ்வது குதிகால் தரையைத் தொடும் ஃப்ரேமில் அல்ல. அதற்கு அடுத்து, பாரம் அந்தக் காலில் இறங்கும்போது. ரிச்சர்ட் வில்லியம்ஸ் தம் ‘தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்’ நூலில் இதைப் படிப்படியாக வரைந்து காட்டியிருக்கிறார். மூட்டை ஏறினால் அந்த இறக்கத்தை ஆழமாக்குங்கள்.

6. ரெஃபரன்ஸ் வீடியோவுக்கு வெறும் அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு பல்லைக் கடிக்காதீர்கள். பெட்டிக்குள் அரிசியோ புத்தகமோ போடுங்கள். பொய்யான பாரத்துக்கு முகம் நடித்துவிடும்; இடுப்பும் பாதமும் ஒத்துழைக்காது. எடுத்த வீடியோவை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் நகலெடுக்கவும் வேண்டாம். பாரம் எந்த ஃப்ரேமில் கால் மாறுகிறது என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்.

7. போஸுக்குப் போஸ் தாவும் ஸ்டெப்ட்டிலிருந்து, போஸ்களை வளைவால் இணைக்கும் ஸ்ப்லைனுக்கு மாற்றியதும் எல்லாம் மிதக்கும். பதறாதீர்கள், எல்லோருக்கும் மிதக்கும். முதலில் இடுப்பின் மேல்கீழ் வளைவைச் சரிசெய்யுங்கள், பிறகு பாதம் வழுக்குகிறதா என்று பாருங்கள். கை விரல்கள் கடைசியில்.