படகின் அடியில் ஓட்டை போடுவது ஏன்?

கடலூர்க் கரையில் கட்டுமரத்தைப் பார்த்திருப்பீர்கள். மரத்துண்டுகளைக் கயிற்றால் பிணைத்த அந்தக் கலத்தில் ஓட்டையைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதே இல்லை. அலை மேலே ஏறும், இடுக்குகள் வழியே இறங்கிவிடும். மரமே மிதப்பதால் அது மூழ்காது. இன்று பெருகியுள்ள கண்ணாடியிழைப் படகுகளிலும் பெரும்பாலும் இயந்திரம் வெளியே தொங்குவதால் அடியில் துளை தேவைப்படுவதில்லை.

நெடுந்தூரம் செல்லும் பாய்மரப் படகின் கதை வேறு. உள்ளே டீசல் எஞ்சின் இருக்கும். அதைக் குளிர்விக்கக் கடல்நீர் வேண்டும். கழிப்பறைக்கு நீர் வர ஒரு வழி, வெளியேற ஒரு வழி. பாத்திரம் கழுவும் தொட்டிக்கு ஒன்று. இப்படி நீர்மட்டத்துக்குக் கீழே நாமே ஐந்தாறு துளைகள் போடுகிறோம்! ஒவ்வொரு துளையிலும் ஓர் உலோகக் குழல், அதன்மேல் ஒரு வால்வு, அதிலிருந்து ஒரு ரப்பர் குழாய். படகு பழசானால் இந்தக் குழல்களையும் வால்வுகளையும் மாற்றியாக வேண்டும். பார்வைக்கு நன்றாக இருப்பவற்றையும் ஏன் மாற்றுகிறார்கள் என்பதுதான் நாம் இங்கே பார்க்கப்போவது.

முதலில் ஒரு கணக்கு. துளையின் விட்டம் 38 மில்லிமீட்டர், அதாவது ஒன்றரை அங்குலம். அது நீர்மட்டத்துக்கு அரை மீட்டர் கீழே இருக்கிறது. வால்வு உடைந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இத்தாலிய அறிஞர் டாரிசெல்லி 1644-இல் வெளியிட்ட விதிப்படி, உட்புகும் நீரின் வேகம் 2gh என்பதன் வர்க்கமூலம். g-க்கு 9.8, h-க்கு 0.5 என்று போட்டால் விநாடிக்கு 3.1 மீட்டர் வருகிறது. துளையின் பரப்பு 11.3 சதுர சென்டிமீட்டர். இரண்டையும் பெருக்கினால் விநாடிக்கு மூன்றரை லிட்டர். ஆனால் துளையில் நுழையும்போது நீர்த்தாரை சுருங்குவதால் உண்மையில் இதில் பத்தில் ஆறு பங்குதான் வரும். அப்படியும் விநாடிக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல். ஏழு விநாடிக்கு ஒரு வாளி! ஒரு மணி நேரத்தில் ஏழு டன்னுக்கு மேல்.

உள்ளே நீர் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. பெட்டி போல் நேரான பக்கங்கள் உள்ள ஒரு கலத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே நீர் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு கலமும் கீழே இறங்குகிறது. கலத்தின் சொந்த எடையைத் தாங்குவது வெளி மட்டத்துக்கும் உள் மட்டத்துக்கும் உள்ள வேறுபாடுதான்; கலத்தின் எடை மாறாதவரை அந்த வேறுபாடும் மாறாது. ஆகவே ஓட்டம் தளர்வதே இல்லை. பக்கங்கள் நேரான பிளாஸ்டிக் டப்பா ஒன்றில் சிறு கல்லை வைத்து, அடியில் ஊசியால் துளையிட்டு, வாளி நீரில் மிதக்கவிட்டுப் பாருங்கள். டப்பா கண்ணாடிபோல் தெளிவாக இருந்தால் இரண்டு மட்டங்களும் ஒரே இடைவெளியுடன் சேர்ந்து ஏறுவது தெரியும்.

இனி வியப்பான பக்கம். அந்தத் துளையை அடைத்துப் பிடிக்க எவ்வளவு விசை வேண்டும்? 11.3 சதுர சென்டிமீட்டர் பரப்பின்மேல் 50 சென்டிமீட்டர் உயரக் கடல்நீர். சுமார் 580 கிராம் எடை. அவ்வளவுதான்! ஒரு சிறுமியின் உள்ளங்கை போதும். இதனால்தான் கவனமான மாலுமிகள் ஒவ்வொரு வால்வின் பக்கத்திலும் கூம்பு வடிவ மரத் தக்கை ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுகிறார்கள். மென்மரம் நீரில் ஊறி உப்பி இன்னும் இறுக்கமாக அடைக்கும். ஆனால் இருட்டில், முழங்கால் அளவு நீருக்குள், எந்தத் துளை உடைந்தது என்று கண்டுபிடிக்க வேண்டுமே!

புதுச்சேரியைச் சேர்ந்த ரூபா அழகிரிசாமியும் கோழிக்கோட்டைச் சேர்ந்த தில்னாவும், இந்தியக் கடற்படையின் தாரிணி என்ற 17 மீட்டர் பாய்மரப் படகில் 2024 அக்டோபர் 2-ஆம் தேதி கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி 2025 மே 29-இல் திரும்பினார்கள். வழியில் பசிபிக்கில் நீமோ முனை என்ற இடத்தைக் கடந்தார்கள். அங்கிருந்து மிக அருகிலுள்ள நிலமே ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் தொலைவில். இத்தகைய பயணம் போகும் எந்தப் படகுக்கும் உள்ளங்கை அளவுள்ள ஒரு வால்வு எவ்வளவு பெரிய விஷயம் என்பதை எண்ணிக்கொள்ளுங்கள்.

வால்வு ஏன் உடைகிறது? விடை உங்கள் வீட்டுப் பூஜை அறையில் இருக்கிறது. பித்தளை விளக்கைப் புளியில் இரவு முழுவதும் ஊறவைத்துவிட்டால் மறுநாள் அங்கங்கே செந்நிறத் திட்டுகள் தோன்றும். பித்தளை என்பது செம்பும் துத்தநாகமும் கலந்தது. அமிலத்தில் துத்தநாகம் எளிதில் கரைகிறது. செம்பு தங்கி நிறம் காட்டுகிறது. சாதாரணக் குழாய்ப் பித்தளையில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை துத்தநாகம் உண்டு. கடல்நீர் ஆண்டுக்கணக்கில் இதே வேலையை மெல்லச் செய்கிறது. கொடுமை என்னவென்றால் வடிவம் மாறுவதில்லை. குழலும் அதன் புரிகளும் அப்படியே நிற்கும். உள்ளே மிஞ்சியிருப்பது பஞ்சு போன்ற நுண்துளைச் செம்பு. திருகாணி முடுக்கியால் சுரண்டினால் பொலபொலவென்று உதிரும். உடைத்த இடம் இளஞ்சிவப்பாக இருக்கும்.

ஆகையால் கடலுக்கு வெண்கலம்தான் ஏற்றது. கடல் வேலைக்குப் பெயர்பெற்ற ஒரு கலவையில் செம்பு 85 பங்கு, வெள்ளீயம், துத்தநாகம், ஈயம் தலா 5 பங்கு. துத்தநாகம் இவ்வளவு குறைவாக இருந்தால் அது தனியே கழன்று போவதில்லை. பித்தளையிலும் சிறிதளவு ஆர்செனிக் சேர்த்து இந்த நோயைத் தடுக்கும் வகை உண்டு. கண்ணாடியிழை கலந்த நைலான் வால்வுகளும் வந்துவிட்டன. அவற்றுக்கு அரிப்பே இல்லை.

விருத்தாசலத்தில் ஒரு மாணவர் என்னிடம் கேட்டார்: “நம்ம ஊர்ப் பீங்கானை உப்புத் தண்ணி ஒண்ணும் செய்யாதே சார், அதுல வால்வு செஞ்சா என்ன?” பீங்கான் தொழிற்பேட்டை உள்ள ஊரில் இப்படிக் கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். பீங்கான் அழுத்தத்தை நன்றாகத் தாங்கும். இழுவிசையையும் வளைவையும் தாங்காது. மின்கம்பத்தைத் தரையோடு இழுத்துக் கட்டும் கம்பியின் நடுவே முட்டை போன்ற பீங்கான் ஒன்று இருக்குமே, அதைக் கவனியுங்கள். இரண்டு கம்பி வளையங்களும் ஒன்றுக்குள் ஒன்று கோத்தாற்போல் அதைச் சுற்றிப் போகின்றன. கம்பியை எவ்வளவு இழுத்தாலும் பீங்கான் நசுக்கப்படுகிறதே தவிர இழுக்கப்படுவதில்லை. என்ன அழகான யோசனை! படகு வால்வின் நிலையோ வேறு. யாராவது அதன்மேல் கால் வைத்து ஏறுவார்கள். கழன்ற பெட்டி ஒன்று வந்து மோதும். அங்கே வளைவு விசைதான் எதிரி. ஆனால் கால் சுற்றில் திறக்கும் புதுவகைச் சமையலறைக் குழாய்களுக்குள் இரண்டு சுட்டாங்கல் வில்லைகள் ஒன்றோடொன்று அழுந்தி உராய்கின்றன. அந்த இடம் பீங்கான் இனத்துக்குப் பொருத்தம்.

மாற்றும் வேலைக்குப் படகைக் கரையேற்ற வேண்டும். பழைய குழலின் வெளி விளிம்பை அரைத்தெடுத்து உள்பக்கமாகத் தட்டினால் வந்துவிடும். துளையைச் சுற்றி மரம் உளுத்திருக்கிறதா, ஈரம் ஊறியிருக்கிறதா என்று பார்த்து, நன்கு உலர்த்தியபின் உள்ளே ஓர் அணைப்புப் பலகை பதிப்பார்கள். விசையைப் பெரிய பரப்பில் பரப்பினால் அழுத்தம் குறையும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. பிறகு கசிவடைக்கும் பசையோடு புதிய குழல்.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று உண்டு. குழலின் புரி நேரானது. கடையில் வாங்கும் வால்வின் புரி பல சமயம் கூம்பாகச் சரிந்தது. இரண்டையும் திருகினால் இரண்டு மூன்று சுற்றுகளிலேயே இறுகி நின்றுவிடும். கைக்கு உறுதியாகத்தான் தோன்றும். ஆனால் முழுச் சுமையும் அந்த இரண்டு மூன்று புரிகளின்மேல்! ஒரே வகைப் புரியாகப் பார்த்து வாங்குவதே முறை. சக்கரம் வைத்த கேட் வால்வையும் நான் விரும்பமாட்டேன். அடியில் மணல் சிக்கினால் மூடியதா இல்லையா என்று தெரியாது. கைப்பிடி குழாயோடு ஒரே திசையில் இருந்தால் திறப்பு, குறுக்கே இருந்தால் மூடல் என்ற வகைதான் இருட்டில் தடவியும் அறியத்தக்கது.

அமெரிக்கப் படகுத் தரவிதி ஒன்றின்படி, பொருத்திய வால்வின் உள்முனையில் 227 கிலோகிராம் சுமையை 30 விநாடி ஏற்றினாலும் அது உடையவோ கசியவோ கூடாது. ஏறத்தாழ நான்கு ஆட்களின் எடை இது. படகை நீரில் இறக்கியதும் கயிற்றை அவிழ்த்துவிடமாட்டார்கள். ஒவ்வொரு வால்வையும் திறந்து மூடி, அதன் அடியில் ஒரு செய்தித்தாள் துண்டை வைத்து, மறுநாள் காலை தாள் உலர்ந்திருக்கிறதா என்று வந்து பார்ப்பார்கள்.