தேக்கு என்றால் தீப்பிடிக்காதா?

"தேக்குல கடைஞ்சது சார், தீயெல்லாம் பிடிக்காது." கைவினைக் கண்காட்சியில் மர மெழுகுவர்த்தி ஸ்டாண்டைக் கையில் எடுத்தால் இதைக் கேட்காமல் நகர முடியாது. அடர்த்தியான மரம் சற்று மெதுவாகப் பற்றும் என்பது உண்மை. அதற்குமேல் சொல்வது வியாபாரம். தேக்கோ ஈட்டியோ, 250, 300 டிகிரி செல்சியஸ் சூடேறினால் எரியத் தயாராகிவிடும். மெழுகுச் சுடரின் சூடான பகுதி 1,000 டிகிரியைத் தாண்டுகிறது. குத்துவிளக்கை நம் ஆட்கள் பித்தளையிலும் வெண்கலத்திலும் வார்த்தது அழகுக்காக மட்டும் இருக்காது என்பது என் எண்ணம்.

வார்னிஷ் அடித்தால் காப்பு என்பார்கள். வார்னிஷ் காய்ந்த பிறகும் எரியக்கூடியதுதான். போராக்ஸ் கரைசலில் மரத்தை ஊறவைத்தால் தீ பரவும் வேகம் குறையும். ஆனால் அது நீரில் கரையும் உப்பு. ஈரத்துணியால் துடைக்கத் துடைக்கப் போய்க்கொண்டே இருக்கும்.

கொஞ்சம் விவரமானவர்கள் சொல்வது வேறு: "பித்தளைக் கிண்ணம் பதிச்சாச்சு, இனி பயமில்லை." இது பாதி உண்மை என்பதால்தான் ஆபத்து அதிகம். கிண்ணம் சுடரை மரத்தில் பட விடாது. உருகிய மெழுகு மரத்தில் ஊறாமலும் பார்த்துக்கொள்ளும். மெழுகு ஊறிய மரம் திரிபோல எரியும். ஆனால் பித்தளை, மரத்தைவிடப் பல நூறு மடங்கு நன்றாக வெப்பத்தைக் கடத்தும். இறுக்கமாக அடித்துப் பதித்தால் சூட்டை நேரே மரத்திடம் ஒப்படைத்துவிடும். கிண்ணத்தின் வாய் தட்டுப்போல் விரிந்து மரத்தின் மேல் உட்கார வேண்டும்; பக்கச்சுவரைச் சுற்றி இரண்டு மூன்று மில்லிமீட்டர் காற்றிடம் விட வேண்டும். துளையை ஆழமாகக் குடைந்து மெழுகை உள்ளே இறக்குவது பார்க்க அழகு, ஆனால் சுடர் மரச்சுவருக்கு நடுவே எரியும். சுடர் எப்போதும் மர விளிம்புக்கு மேலே நிற்கும்படி குடைவதுதான் சரி.

தாங்கி எதுவானாலும் சோதனை கடைசி நேரத்தில்தான். டீ லைட் எனப்படும் சின்னக் கிண்ண மெழுகு சுமார் நான்கு மணி நேரம் எரியும். முதல் மூன்று மணி நேரமும் ஒன்றும் ஆகாததைப் பார்த்துவிட்டு நாம் தூங்கப் போகிறோம். நீள மெழுகுவர்த்தியில் சுடர் மரத்தை நோக்கி இறங்கிவருவதும் அந்த நேரத்தில்தான். நின்று எரியும் மெழுகில் இரண்டு அங்குலமும், கிண்ண மெழுகில் அரை அங்குலமும் மிச்சமிருக்கும்போதே அணைக்கச் சொல்கிறது அமெரிக்காவின் தேசிய மெழுகுவர்த்திச் சங்கம். கஞ்சத்தனம் பார்க்கிற இடம் இதுவல்ல.

ஏற்றினால்தானே ஆபத்து என்று பட்டறையில் நினைப்பதும் தப்பு. பளபளப்புக்கு ஆளிவிதை எண்ணெய் தேய்த்த துணியைக் கசக்கி மூலையில் எறிந்தால், காய்கிறபோது அது தானாகவே சூடேறிப் பற்றிக்கொள்ளும். 1991 பிப்ரவரியில் பிலடெல்பியாவின் 38 மாடி ஒன் மெரிடியன் பிளாசா கட்டடம் எரிந்ததும், மூன்று தீயணைப்பு வீரர்கள் இறந்ததும் இப்படிப்பட்ட துணிகளால்தான். துணியை விரித்துத் திறந்தவெளியில் உலர்த்துங்கள், அல்லது தண்ணீரில் அமிழ்த்தி வையுங்கள்.

அந்தத் தண்ணீரை எரியும் மெழுகில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். நொடியில் ஆவியாகி, தீப்பிடித்த மெழுகை நாலாபக்கமும் சிதறடிக்கும். எவர்சில்வர் மூடி ஒன்றைக் கவிழ்த்தால் போதும்.